செல்லப்பிராணி வளர்த்த வீட்டை விற்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நிற்கிற தொழில் என்னுடையது. நாய், பூனை, கிளி வளர்க்கிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், பிறகு கொட்டித் தீர்ப்பார்கள். அவர்கள் கேட்டதை ஏறக்குறைய அப்படியே வைத்து, என் பதிலை அடியில் எழுதியிருக்கிறேன். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அது குறுக்கிடும் இடங்களில் உங்கள் வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய் வளர்த்த வீடு என்றால் விலையைக் குறைத்துக் கேட்பார்களா?

நாய் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் குறைப்பவர்கள் குறைவு. நாய் விட்டுச்சென்ற தடயத்துக்காகக் குறைப்பவர்கள்தான் அதிகம். கதவில் நான்கு கீறல் இருந்தால், அதைச் சரிசெய்யும் செலவை மட்டும் கழித்துக்கொண்டு பேசுகிறவர் அபூர்வம். ‘கண்ணுக்குத் தெரிகிற இடமே இப்படி என்றால், தெரியாத இடம் எப்படியோ’ என்று மனக்கணக்குப் போட்டுத்தான் கழிப்பார்கள்.

நாற்றம் இன்னும் மோசம். கீறலுக்கு ஒரு தொகை போடலாம். நாற்றத்துக்கு என்ன தொகை போடுவது? அதனால் வந்தவர் பேரமே பேசாமல், “யோசித்துச் சொல்கிறோம்” என்று கிளம்பிவிடுவார். இந்தப் பதில்களில் நாற்றத்துக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வீட்டில் நாற்றமே கிடையாதே, பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு?

இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. குறை சொல்லவில்லை, மூக்கின் இயல்பே அதுதான். ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரத்திலேயே மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டிலேயே புழங்குகிறவருக்கு அது மணமாகவே படாது.

ஓர் இரவு முழுக்கக் கதவு சன்னல்களை அடைத்து வைத்துவிட்டு, காலையில் பிராணி வளர்க்காத ஒருவரை வரச்சொல்லுங்கள். நெருங்கிய நண்பர் வேண்டாம். உங்கள் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்வார். வாசலைத் தாண்டியதும் முதல் மூச்சில் என்ன தோன்றியது, எந்த அறையில் அது கூடியது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். மழை நாளாக இருந்தால் மிகவும் நல்லது. ஏன் என்பது சிறுநீர் பற்றிய பதிலில் வரும்.

எதில் தொடங்குவது, எப்போது தொடங்குவது?

வீடு பார்க்க ஆட்களை வரச்சொல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் சிறுநீர்க் கறை, அடுத்து முடியும் தூசியும், பிறகு பழுதுபார்ப்பு, அதன் பிறகே பெயின்ட், கடைசியில் புகைப்படம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்ட் அடித்தால்தான் வேலை நடந்ததுபோல் இருக்கிறது என்பார்கள். அடித்து முடித்த சுவருக்குள்ளிருந்து நாற்றம் வெளிவரும்போது அதே சுவரை இன்னொரு முறை சுரண்ட வேண்டியிருக்கும்.

எத்தனை முறை கழுவினாலும் பூனை மூத்திர நாற்றம் திரும்பத் திரும்ப வருகிறதே?

சிறுநீரின் நிறத்தையும் அதிலுள்ள யூரியாவையும் சோப்புத் தண்ணீர் கொண்டுபோய்விடும். யூரிக் அமிலம் அப்படிப் போகாது. அதுவும் அதன் உப்புகளும் தண்ணீரில் எளிதில் கரையாதவை. நூலிழைகளிலும் சிமென்ட் துளைகளிலும் நுண்ணிய படிகங்களாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி நாற ஆரம்பிக்கும். வெயில் நாளில் வந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் போவதும், மழை நாளில் வந்தவர் மூக்கைச் சுளிப்பதும் இதனால்தான்.

முதல் வேலை, இடத்தைக் கண்டுபிடிப்பது. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்தபடி அறை ஓரமாக நடங்கள். பகலில் அப்பழுக்கில்லாமல் தெரிந்த சோபாவின் பின்புறச் சுவரில், முழங்காலுக்குக் கீழே, மங்கிய மஞ்சள் பச்சையில் விசிறி விரித்ததுபோல் ஒரு தெறிப்பு ஒளிரும். அதன் அடியிலிருந்து நான்கைந்து கோடுகள் வழிந்து, ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் மறையும். நீங்கள் துடைத்துக்கொண்டே இருந்தது தரையை. நாறிக்கொண்டே இருந்தது அந்த இடுக்கு. ஒளிர்வதெல்லாம் சிறுநீர் அல்ல, சோப்பு மிச்சமும் சில வகைப் பசைகளும்கூட ஒளிரும். குனிந்து முகர்ந்து உறுதிசெய்துகொண்டு, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

அடுத்து, பிராணிகளின் கறைக்கென்றே விற்கும், கறையைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவம் வாங்குங்கள். பழைய சோப்பை வெறும் தண்ணீரால் அலசிவிட்டு, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழம் இந்தத் திரவமும் இறங்கும்படி ஊற்றுங்கள். தெளித்துத் துடைப்பது வீண். நொதி ஈரத்தில்தான் வேலை செய்யும். மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, புட்டியில் சொன்ன நேரம் முழுவதும் காயாமல் விட்டுவிட்டுப் பிறகு தானாக உலரவிட வேண்டும். பழைய கறைக்கு ஒரு முறை போதாது. தரைவிரிப்பாக இருந்தால் அடியிலுள்ள மெத்தென்ற விரிப்பும் குடித்திருக்கும். அதைக் கழுவிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிளீச் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் போய்விடாதா?

கூடாது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு உண்டாகும், மூடிய அறையில் மூச்சு அடைக்கும். அம்மோனியா கலந்த திரவங்களும் உதவாது. அந்த நெடி பிராணிக்குச் சிறுநீர் வாடையாகவே பட்டு, அதே இடத்துக்கு மறுபடி அழைத்து வரும். நீராவி இயந்திரமும் வேண்டாம், சூடு கறையை இழைக்குள் இறுக்கிவிடும்.

புது பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்று பெயின்டர் சொல்கிறாரே?

கண்ணுக்கு மறையும். சாதாரண எமல்ஷன் காற்றையும் ஈரத்தையும் உள்ளே வெளியே விடக்கூடியது, நாற்றமும் அதே வழியில் வரும். முந்தைய பதில்களில் சொன்னபடி நொதித் திரவத்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகும் லேசான வாடை இருந்தால் ஷெல்லாக் (அரக்கு) அடிப்படையிலான பிரைமரை, அதாவது பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சை, அடிக்கச் சொல்லுங்கள். அது நாற்றத்தை உள்ளேயே அடைத்துவிடும். அதற்கு மேல் எந்த பெயின்டும் அடிக்கலாம். அந்த வேலை நடக்கும் நாட்களில் பிராணிகள் வீட்டில் இருக்கவே கூடாது, குறிப்பாகப் பறவைகள்.

மரத்தரையில் நாய் மூத்திரம் பட்ட இடம் கறுத்துப்போய்விட்டது. தேய்த்தால் போகுமா?

வார்னிஷ் அளவில் நின்ற கறை மேலாகத் தேய்த்தால் போய்விடும். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுத்தது என்றால் உள்ளே இறங்கியிருக்கும். தச்சரை அழைத்து, கறையின் மறைவான ஒரு மூலையில் கொஞ்சம் இழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இழைப்பிலும் கறுப்பு குறையவில்லை என்றால் அந்தப் பலகைகளை மாற்றுவதே மலிவு. பழைய தரையோடு நிறம் ஒட்ட வேண்டுமானால், பீரோவுக்கு அடியிலிருந்து பலகையை எடுத்து இங்கே போட்டு, புதியதை அங்கே போடும் வித்தை தச்சர்களுக்குத் தெரியும்.

மாற்றும்போது அடித்தளத்தையும் முகர்ந்து பாருங்கள். கறையின் மேல் விரிப்பைப் போட்டு மறைக்கிற யோசனை வேண்டாம். வாங்க வருகிறவர் முதலில் தூக்கிப் பார்ப்பது விரிப்பைத்தான்.

தினமும் பெருக்குகிறோம், ஆனாலும் முடி எங்கிருந்து வருகிறது?

நீங்கள் பெருக்காத இடங்களிலிருந்து. ஏசி வடிகட்டி, மின்விசிறி இறக்கை, ஃபிரிட்ஜின் பின்புறம், திரைச்சீலையின் அடி மடிப்பு, சோபாவின் இருக்கைக்கும் சாய்வுக்கும் நடுவிலுள்ள பள்ளம். மேலே இருப்பதை முதலில் சுத்தம் செய்துவிட்டுத் தரைக்கு வாருங்கள். துணி இருக்கையில் ஒட்டிய முடிக்கு ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுத்தால் சுருண்டு வந்துவிடும். நுண்தூசியையும் பிடித்து வைக்கும் ஹெபா வடிகட்டி பொருத்திய வாக்யூம் கிளீனர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். சாதாரண இயந்திரம் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பி ஊதிவிடும்.

வாசனை எண்ணெய், மெழுகுவர்த்தி, பூங்கொத்து வைக்கலாமா?

வீட்டுக்கும் நல்லதில்லை, பிராணிக்கும் நல்லதில்லை. கதவைத் திறந்ததும் மல்லிகை நெடி முகத்தில் அறைந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வந்தவருக்குத் தோன்றும். எந்த மணமும் இல்லாத வீடுதான் சுத்தமான வீடு. சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்று ஓடவிடுவதைவிட மேலான மணம் இல்லை.

பூனையின் கல்லீரலுக்குச் சில வேதிப்பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும், பினால் கலந்த தரைத் திரவங்களும் அதற்கு நஞ்சு. அந்துருண்டை நாய்க்கும் ஆகாது. பறவைகளின் நுரையீரல் இன்னும் மென்மையானது. வாசனைப் புகையே அதற்கு ஆபத்து. பூங்கொத்து வைத்தே தீருவேன் என்றால் அதில் லில்லி இருக்கக் கூடாது. இதழ், இலை மட்டுமல்ல, ரோமத்தில் விழுந்த மகரந்தத்தை நக்கினாலோ குவளைத் தண்ணீரைக் குடித்தாலோகூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். வீட்டை அழகுபடுத்த யாரோ வைத்த பூ என்ற அளவில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

கதவு நிலையெல்லாம் பிராண்டி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மேலோட்டமான கீறலுக்கு மரத்துக்கான பட்டிப் பசை, உப்புத்தாள், பாலிஷ் போதும். கதவில் பூனைக்கென்று வெட்டிய சிறு திறப்பு இருந்தால், அந்தக் கதவை மட்டும் மாற்றுவதா வேண்டாமா என்று உங்கள் தரகரைக் கேளுங்கள். வாங்குபவரும் பூனைக்காரராக இருந்துவிட்டால் அது அவருக்கு வசதி. அதனால் புதுக் கதவின் விலையை விசாரித்து வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்வது என் வழக்கம். கிழிந்த கொசுவலையை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். செலவு சொற்பம், ஆனால் அதுதான் வெளியிலிருந்தே தெரியும்.

புல்தரையில் வட்ட வட்டமாகக் காய்ந்திருக்கிறது, என்ன செய்வது?

நாய்ச் சிறுநீரிலுள்ள நைட்ரஜன் அளவு மீறிப்போனதால் நடுவில் கருகி, சுற்றிலும் மட்டும் அடர்பச்சையாக நிற்கும். கருகியதை வாரிவிட்டுத் தண்ணீரை நிறைய விட்டு, புல்லை மறுபடி நடுங்கள். வேர் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நாய்க்குத் தோட்டத்தின் பின்மூலையில் ஓர் இடத்தைப் பழக்குங்கள்.

கழிவை அன்றன்றே அள்ளுவது அழகுக்காக மட்டும் அல்ல. நாயின் வட்டப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. வீடு பார்க்க வரும் குழந்தைகள் முதலில் ஓடுவது தோட்டத்துக்குத்தான்.

புகைப்படத்தில் நாயும் இருந்தால் வீடு களையாக இருக்குமே?

இருக்கும், உங்கள் கண்ணுக்கு. பார்ப்பவர்கள் நாயைப் பார்ப்பார்கள், கூடத்தைப் பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு, கயிறு, படுக்கை, பூனை கழிவுக்குப் போகும் மணல் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுப் படம் எடுங்கள்.

ஆட்கள் வரும்போது நாயைப் பின்புறம் கட்டிப்போட்டால் போதாதா?

போதாது. கட்டிய நாய் குரைக்கும், குரைப்பைக் கேட்டவர் அந்தப் பக்கமே போகமாட்டார். அரை வீட்டைப் பார்க்காமல் யாரும் முழு விலை கொடுப்பதில்லை. எப்போதும் சாதுவாக இருக்கும் நாயும், முன்பின் தெரியாதவர்கள் அறை அறையாக நுழைந்து அலமாரியைத் திறக்கும்போது அதே சாதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கடித்துவிட்டால் பொறுப்பு உங்களுடையது. பார்வை நேரங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்து, அந்நேரம் நாயை நடக்கக் கூட்டிப்போங்கள். அல்லது உறவினர் வீட்டில் விடுங்கள்.

நாயை வெளியே கூட்டிப்போகலாம், பூனையை என்ன செய்வது?

ஆட்கள் அதிகம் வரும் முதல் வாரத்துக்குத் தெரிந்தவர் வீட்டிலோ பூனை விடுதியிலோ விட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கூண்டுப்பெட்டியைச் சில நாட்கள் முன்பே திறந்துவைத்து, உள்ளேயே சாப்பாடு கொடுத்துப் பழக்குங்கள். ஆட்கள் வருமுன் பூனையைப் பெட்டியில் வைத்து ஓர் அறையில் விட்டு, ‘உள்ளே பூனை, பெட்டியைத் திறக்க வேண்டாம்’ என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். அறையை ஆட்கள் பார்க்கலாம், பெட்டியைத் தொடக் கூடாது. சும்மா அறையில் விட்டால் கதவு திறந்த நொடியில் காணாமல் போய்விடும். அதன் பிறகு யாரும் வீட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்து, ஒழுங்காக இருந்த பூனை கண்ட இடத்தில் போகிறது. அடித்தால் திருந்துமா?

அடித்தால் உங்களைக் கண்டு பயப்படும், பழக்கம் இன்னும் கெடும். பொருட்கள் இடம் மாறுவதும், அந்நியர் வாடையும், நீங்கள் எல்லாவற்றையும் கழுவி அதன் சொந்த மணத்தையே அழித்துவிட்டதும் அதற்குப் பதற்றம். அது படுத்துப் பழகிய ஒரு துணியையாவது துவைக்காமல் விட்டுவையுங்கள். மணல் தட்டைக் காட்டக் கூடாதென்று ஒளித்து வைக்கிறீர்களா? பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பதே சரி. ஆட்கள் போனதும் தட்டுகள் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

எல்லாமே பதற்றம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர்ப்பை நோயிலும் இப்படி நடக்கும். ஆண் பூனை அடிக்கடி தட்டில் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், வீடு பார்க்க யார் வருவதாக இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும்.

பெரிய மீன் தொட்டி இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வாங்குபவர் கேட்டால் விடலாம், ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். எடுத்துப்போவதானால் படம் எடுக்கும் முன்பே எடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கல்லும் மணலும் கண்ணாடியும் தனி. கடைசி நாளில் நகர்த்தினால், அடியில் தரை எப்படி இருக்கிறது என்று அன்றுதான் தெரியும்.

வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. நாய் இல்லாத வீட்டில் எப்படி இவ்வளவு தெள்ளுப்பூச்சி?

இது மிகவும் சங்கடமான ஒன்று, அடிக்கடி நடப்பதும்கூட. தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு தன்னைச் சுற்றி இழைக்கூடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். தரை அதிர்வு, உடல் வெப்பம், மூச்சில் வெளியாகும் கரியமில வாயு ஆகியவை வந்தால்தான் வெளியே வரும். ஆக, வீடு பார்க்க வந்த குடும்பம் கதவைத் திறந்து உள்ளே நடந்ததும், அத்தனையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அவர்கள் கணுக்காலில் ஏறும்.

பூச்சிமருந்து கூட்டுக்குள் சரியாக இறங்காது. அதனால் ஒரு முறை அடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். காலி வீட்டுக்குச் சில நாட்கள் தொடர்ந்து போய் வாக்யூம் போடுங்கள், அந்த அதிர்வே அவற்றை வெளியே இழுக்கும். பையை அன்றே கட்டி வெளியே எறியுங்கள். பூச்சி ஒழிப்பாளரிடம், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்தையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். புதிய வீட்டில் இருக்கும் நாய்க்கும் மருந்து போட வேண்டும். வாங்குபவருக்குச் சாவி கொடுப்பதற்கு முன் நீங்களே வெள்ளைக் காலுறை போட்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள்.

வாங்க வருபவருக்குப் பூனை ஒவ்வாமை. ‘இப்போது பூனை இல்லை’ என்று சொன்னால் போதுமா?

சொல்வது உண்மையாக இருந்தாலும் போதாது. ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அல்ல. எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம், ஃபெல் டி 1 என்று பெயர். மிக நுண்ணிய துகளாகக் காற்றில் மிதந்து சுவரிலும் துணியிலும் படிந்துவிடும். பூனை போய் மாதங்கள் ஆன பிறகும் வீட்டில் இருக்கும். தரைவிரிப்பையும் துணித் திரைகளையும் எடுத்துவிட்டுச் சுவர்களைக் கழுவினால் வெகுவாகக் குறையும், அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவர்களாகக் கேட்கவில்லை. நாமாகச் சொல்ல வேண்டுமா?

பிராணி இருந்ததை எல்லாரிடமும் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் இறங்கிச் சேதமான தரை, பூச்சித் தொல்லை போன்றவை உங்களுக்குத் தெரிந்திருந்து மறைத்தால், பல இடங்களில் அது விற்ற பிறகும் வழக்காக வரும். சரிசெய்துவிட்டால் சொல்வதில் தயக்கம் எதற்கு? ‘இந்த அறையில் இவ்வளவு பலகை மாற்றினோம், இதோ ரசீது’ என்று காகிதத்தை நீட்டுகிறவரிடம் பேரம் பேசுவது கடினம். ரசீதுகளையும் வேலைக்கு முந்தைய, பிந்தைய படங்களையும் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள்.

எங்கள் பழைய நாயைத் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறோம். சொல்வதா, தோண்டி எடுத்துப்போவதா?

இதைக் கேட்கும்போது பலருக்குக் குரல் தழுதழுக்கும். சாம்பலாகப் புதைத்திருந்தால் எடுத்துப்போவது எளிது. உடலாக என்றால், அண்மையில் புதைத்ததைத் தோண்டாதீர்கள். உங்களாலும் தாங்க முடியாது, சுகாதாரமும் இல்லை. அடையாளக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவரிடம் சொல்லிவிடுவதே என் கட்சி. நாளை கிணறோ அடித்தளமோ தோண்டும்போது எலும்பு கண்டு அவர்கள் பதற வேண்டாம். மருத்துவர் ஊசி போட்டுக் கண்மூட வைத்த நாய் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அந்த மருந்து பெரும்பாலும் பென்டோபார்பிட்டல்; உடலில் நெடுநாள் தங்கும். வேறு பிராணி தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. வீட்டு வளாகத்தில் புதைப்பதற்கு உங்கள் பகுதியில் விதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வளர்ப்புப் பூனை இல்லை, வாசலுக்கு வரும் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறோம். அவற்றை என்ன செய்வது?

திடீரென்று நிறுத்தினால் வாசலில் கூட்டமாக நின்று கத்தும், அதுவும் ஆட்கள் வரும் நேரத்தில். அக்கம்பக்கத்தில் பொறுப்பை ஏற்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். சாப்பாட்டுத் தட்டை நாளுக்குக் கொஞ்சமாக அவர் வாசலை நோக்கி நகர்த்துங்கள். சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிடுங்கள். கிளம்புமுன் கருத்தடை செய்துவிட முடிந்தால், அடுத்து வருபவருக்கும் அந்தப் பூனைகளுக்கும் அது பேருதவி.

விற்றாகிவிட்டது. இனிக் கவலை இல்லையே?

சாமான் ஏற்றும் நாளில் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். பூனை பற்றிய பதிலில் சொன்ன பெட்டியும் கதவுச் சீட்டும் அன்றைக்கும் வேண்டும். புதிய வீட்டில் முதலில் ஓர் அறையில் மட்டும் விட்டு, துவைக்காமல் வைத்த துணியை அங்கே போடுங்கள். வெளியே போய்வரும் பூனையானால் இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப் (அடையாளச் சில்லு) இருந்தால், அதில் பதிந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

புதிய வீடு பக்கத்திலேயே என்றால், பூனை பழைய வீட்டுக்கே நடந்து போய்விடுவது சாதாரணம். வாங்கியவரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, வந்தால் சாப்பாடு போடாமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு முறை போட்டுவிட்டால் தினமும் போகும்.